குவளைக்கு மூன்று நிமிடம்

அமான்சியோவுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான். காசாப்பா ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பம்பு ஓட்டியே காலம் தள்ளியவர். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றால் தொட்டி எப்போது நிரம்பும் என்பதெல்லாம் அவருக்கு மூச்சு விடுவதுபோல.

பெண்டாட்டி தெல்ஃபினா போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கணக்கு மட்டும் இடித்தது. பனிக்கட்டி போட்ட ஒரு ஜாடித் தண்ணீரைக் கொம்புக் குவளையிலுள்ள கசப்பு இலைத்தூள்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், தெரெரே என்கிற குளிர்ந்த இலைச்சாறு இருபத்தைந்து குவளை வரும். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், மாறி மாறிக் குடிக்க வேண்டும். தெல்ஃபினாவின் ஊர்வம்போடு குவளைக்கு மூன்று நிமிடம் ஆகும். ஜாடி எழுபத்தைந்து நிமிடம் வரும். இப்போது குடிப்பவர் ஒருவர். பள்ளிக்கூடக் கணக்கின்படி இரண்டு மடங்கு வரவேண்டும். வந்ததோ இருபத்தைந்து நிமிடம். மிச்சச் சாயங்காலத்தை என்ன செய்வது?

பக்கத்து அறைக்குக் குடிவந்த நர்ஸ் யாதிராவைக் கூப்பிடவே தைரியம் வர நாளாயிற்று. ஈக்வடார் நாட்டிலிருந்து வந்தவள். முதல் குவளையை உறிஞ்சிவிட்டு, "நன்றி ஐயா" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தாள்.

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. இங்கே குவளையைத் திருப்பித் தந்து நன்றி சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று பொருள். அதற்குமேல் நீட்டுவது அநாகரிகம். அவரே ஊற்றி அவரே குடித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"வரேங்க ஐயா."

"ஏம்மா, கசந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கண்ணுலயே காட்டலையே. ஆளுக்கு ஒண்ணுதான்னு ரேஷனா?"

"நீதானே நன்றின்னு சொன்னே?"

"பின்ன, திட்டணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னார். "வேணும்கிற வரைக்கும் அந்த வார்த்தையை எடுக்காதே, தாயி."

"இதைக் கதவுல எழுதி ஒட்டக்கூடாதா?" என்று பையைக் கழற்றினாள்.

அதன்பிறகு குவளை அவள் கையில்தான் நின்றது. அம்மாவைப் பற்றி, மழையைப் பற்றி, வார்டில் கத்துகிற கிழவரைப் பற்றிப் பேசினாள்; குடிக்க மறந்தாள். ஜாடியில் பாதி இருக்கும்போதே டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

"அடுத்த லீவு எப்பம்மா?"

"ஆஸ்பத்திரியில போட்டாத்தான் தெரியும் ஐயா."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பனிக்கட்டி முழுக்கக் கரைந்திருந்தது. மிச்சத்தைத் தனியாகக் குடிக்க மனம் வராமல், ஜாடியோடு எடுத்துப்போய்க் கொய்யா மரத்தடியில் ஊற்றினார்.