மாமா இறக்கி வைத்த ஸ்டெப்னி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் கார் டிக்கியில் நான்கு முறை சாமான்களை ஏற்றி, நான்கு முறை இறக்கினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்ணிக்கை இன்றைக்கும் சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் பூத் தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றவள் நான்தான்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. சிவகாசியில் அப்பா நடத்திய சிறிய அச்சகத்தில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அது. மாமாவுக்கு முப்பது வயது நடந்துகொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கார் வைத்திருந்தார். கறுப்பு நிறம், ஆமை முதுகு மாதிரி வளைந்த பின்பக்கம், வயதில் மாமாவைவிட இரண்டு வருடம் மூத்தது. மதுரையில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்ததை வாங்கிவந்து, ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் அதன் அடியில் படுத்துக் கிடந்து ஓட வைத்திருந்தார்.

டயர் மட்டும்தான் சிக்கல். அந்த அளவு டயர் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் விருதுநகரில் ஒரு கடையில், ஏறக்குறைய அந்த அளவில் ஒன்றைப் பிடித்து ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டார். ஏறக்குறையதான்; ஒரு சுற்றுப் பெரியது. டிக்கியின் இடது ஓரத்தில் ஸ்டெப்னியை நிற்க வைக்க ஒரு பள்ளமும், இழுத்துக் கட்ட ஒரு தோல்வாரும் உண்டு. புதிய டயர் அந்தப் பள்ளத்தில் இறங்க மறுத்தது. மாமா அதில் பாதிக் காற்றை இறக்கி, முழங்காலால் அமுக்கி உள்ளே தள்ளி, பிறகு சைக்கிள் பம்பால் மறுபடியும் காற்றடிப்பார். அதன்பின் டிக்கியில் பாதி இடம் டயருடையது.

அன்றைக்கு நாங்கள் ஆலங்குளத்துக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டிருந்தோம். பெண்ணின் அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்துச் சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பவர். மாமாவுக்கு இதற்கு முன் மூன்று இடங்கள் கூடிவந்து தட்டிப்போயிருந்தன. இதுவாவது அமைய வேண்டுமே என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரு பக்கமும் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவது என்று பேச்சு. அதனால் தாம்பாளங்கள் ஐந்து. டிக்கியில் டயர் நின்றால் தாம்பாளம் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. ஐந்தையும் ஏற்றினால் மூடி சாத்தவில்லை.

"ஏலே, அந்தச் சனியன எறக்கி வையேம்லே. ஆலங்குளம் போக எதுக்கு அஞ்சாவது சக்கரம்?" என்றாள் அம்மா.

"ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுக்கவே கூடாதுக்கா. வெம்பக்கோட்டை தாண்டி பஞ்சராச்சுன்னா அங்கன யாரு இருக்கா?"

"அப்ப ஸ்டெப்னிக்கே பூ வச்சிட்டு வந்துரு. அலைச்சல் மிச்சம்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, அதையும் ஒரு தாம்பாளத்துல வச்சுத் தூக்கிட்டுப் போயிரலாம். என்ன, ஆறு தட்டாயிரும். ஒத்தப்படையா வேணும்ல?" என்றார்.

நான்காவது முறை மூடியை அழுத்தியபோது ஒரு தேங்காய் உருண்டு தரையில் விழுந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, இன்னைக்கு ஒரு நா மட்டும் அது வேணாம்" என்றாள், சத்தம் குறைந்த குரலில். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு வாரை அவிழ்த்து டயரை வெளியே எடுத்தார். ராக்கெட் படம் அடித்த கழிவுத் தாள்களை அதன்மேல் சுற்றி, சாக்குப் போட்டு மூடி, வீட்டை ஒட்டிய அச்சகத்துக்குள் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

வழியெல்லாம் கிடந்த ஒவ்வொரு கல்லுக்கும் மரியாதை கொடுத்து ஒதுங்கி ஒதுங்கிக் காரை ஓட்டினார். பெண் வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. வாசலில் நின்ற காரின் முன்சக்கரம் தணிந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

இதைப் பெண்ணின் பெரியம்மா கவனித்திருக்கிறார். காராச்சேவு தருகிறேன் என்று என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

"ஏத்தா, ஒங்க மாமா ஏன் இப்படி இருப்புக்கொள்ளாம இருக்காக?"

"மாமாவுக்கு ஸ்டெப்னி நெனப்பு."

சேவுத் தூக்குவாளிக்குள் போன பெரியம்மாவின் கை வெளியே வரவில்லை. "என்னது?"

"ஸ்டெப்னி. அது இல்லாம மாமா எங்கயும் போகமாட்டாக. இன்னைக்கு ஒரு நா மட்டும் வேணாம்னு அம்மாதான் சொல்லிட்டாக."

"அக்காகாரிக்கும் தெரியுமா இது?"

"எல்லாருக்கும் தெரியும். விருதுநகர்லருந்து கொண்டாந்தாக. கொஞ்சம் குண்டு. வீட்டுல மூடி வச்சிட்டு வந்துருக்கோம்."

எதைக் கேட்டாலும் விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது அப்போதே என் பழக்கம். அந்தச் சொல்லுக்கு, வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வைத்துக்கொள்ளும் இன்னொரு பெண் என்று வேறொரு பொருள் புழக்கத்தில் இருந்தது மட்டும் எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பெரியம்மா பெண்ணின் அம்மாவிடம் போய்க் காதோடு சொன்னார். பெண்ணின் அப்பாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்கள். கூடத்தில் அம்மாவும் அப்பாவும் மாமாவும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தாம்பாளங்களைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். கொல்லையிலிருந்து அந்த வீட்டுக்காரரின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. "காப்பியக் குடுத்து அனுப்பிவிடுங்க. பூவெல்லாம் வேணாம்."

அப்போது உள்ளறையிலிருந்து "இங்கன வா பாப்பா" என்று ஒரு குரல். பெண்தான். நீலப் பட்டுச்சேலை கட்டி, ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அந்த ஸ்டெப்னி எம்புட்டுக் குண்டு?"

"டிக்கிக்குள்ள அடங்காதுக்கா."

"டிக்கியிலயா?"

"ஆமா. பாதிக் காத்த எறக்கிட்டு முழங்காலால அமுக்கணும். அப்பத்தான் உள்ள போகும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நான் பயந்துபோனேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் சிரிப்பும் இருந்தது. எழுந்துபோய் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள் என்று பார்த்தால், அவள் எழவில்லை. என்னை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்கம்மா அது வேணாம்னதும் மாமா சத்தம் போட்டாகளா?"

"இல்ல. கொஞ்ச நேரம் சும்மா நின்னாக. பெறகு எறக்கிட்டாக."

"எறக்கித் தூக்கிப் போட்டாகளா?"

"தாளச் சுத்தி, சாக்குப் போட்டு, நெழல்ல வச்சாக."

"வரும்போது அம்மாவக் கோவிச்சாகளா?"

"இல்லியே. காத்துல அம்மா தலைப்பூ வாடிருமாம், அவுக பக்கத்துக் கண்ணாடிய மாமாதான் ஏத்திவிட்டாக."

அவள் என் தலைப்பின்னலைச் சரிசெய்துவிட்டாள். பிறகு யாரும் கூப்பிடாமலே அடுப்படிக்குப் போய்க் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கொல்லையிலிருந்து எல்லாரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். மாமாவுக்கு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு, அந்த வீட்டுக் கூடத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

"டயர நிக்க வைக்காமப் படுக்கப் போட்டா என்ன? நடுக்குழியில தேங்காய அடுக்கிட்டு, மேல தாம்பாளத்த வச்சிரலாம்ல?"

மாமா தான் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார். "படுக்கப் போட்டா வார் எட்டாதுங்களே."

"கயிறு போட்டுக் கட்டுங்க."

"டயரா?" என்றார் பெண்ணின் அப்பா, வாசற்படியிலேயே நின்று. பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று முதலில் பிடிபட்டது அப்பாவுக்குத்தான். அவர் சிரித்ததில், தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த காப்பி அவர் வேட்டியில் கொட்டியது. ஐந்து தாம்பாளங்களும் கூடத்தின் நடுவுக்கு வந்தன. பூ வைத்து முடியும்வரை பெரியம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

அந்தப் பெண் எனக்கு அத்தையாகி முப்பத்தேழு வருடம் ஆகிறது. விசேஷ வீடுகளில் இன்றைக்கும் இந்தக் கதையை அத்தைதான் சொல்வாள். பெரியம்மாவின் கை சேவுத் தூக்குக்குள் நின்ற இடத்தை நடித்தே காட்டுவாள். உள்ளறையில் என்னிடம் கேட்டதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது அம்மாவும் அப்பாவும் பின்சீட்டில் இருந்தார்கள். நான் முன்னால் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"மாமா, அந்த அக்காவுக்கு டயருன்னா ரொம்பப் பிடிக்கும். எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டாக."

"என்ன கேட்டாக?"

வரிசையாக, ஒன்று விடாமல் சொன்னேன். சத்தம் போட்டாரா, தூக்கிப் போட்டாரா, கோபித்துக்கொண்டாரா.

"கண்ணாடி ஏத்துனதையுமா சொன்ன?"

"அதையும்தான்."

சிவகாசிக்குத் திரும்ப வேண்டிய விலக்கைத் தாண்டிக் கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. "ஏலே, எங்கன போற?" என்று அம்மா பின்னாலிருந்து கத்திய பிறகுதான் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் இருக்க, முன்னால் கிடந்த வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், பஞ்சர் பயம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தேன்.

"பயப்படாதீக மாமா. நாலு டயர்லயும் காத்து இருக்கு" என்றேன்.