தளர்த்தி வைத்த கம்பிகள்

கூடிக் குடிக்கும் யங்கோனா வேர்ச்சாற்றின் கடைசிச் சிரட்டை முடிந்ததும், இசிகேலி கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டு ஆறு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார். கம்பிகள் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்த பிறகுதான் கிதார் ஆணிக்குப் போகும். ஏன் என்று கேட்டால், "சுவா மழைக்குக் கழுத்து வளைஞ்சிடும்ப்பா" என்பார். அதே மழையில்தான், இந்தத் தீவு நகரத்தில், எங்கள் குடியிருப்பில் மற்ற கிதார்களும் தொங்குகின்றன. அவற்றை யாரும் தளர்த்துவதில்லை, ஒன்றுக்கும் கழுத்து வளைந்ததும் இல்லை.

பிழைப்புக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நசினு சாலையில், பேருந்து நிற்குமிடத்துக்குப் பின்னால், நாலு தகரம் அடித்த கடை. கம்பி மீட்டுவதற்காக வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருக்கிறார். பஞ்சர் பசை படிந்து படிந்து அது கறுத்துப்போயிருக்கிறது. டயர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும்போதும் அந்த விரலை மட்டும் தூக்கியே வைத்திருப்பார். கிதாரின் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறார். கடையில் விற்கும் கம்பி கத்துகிறதாம், தூண்டில் நரம்புதான் பேசுகிறதாம்.

அவர் வாசித்த ஒரு பாட்டின் தொடக்கம் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கேசட் காலத்தில் வந்தது. இன்றும் கல்யாண வீடு, ரக்பி மைதானம், கப்பல்துறை எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைச் சீட்டியடித்துக்கொண்டிருப்பார். கேசட் அட்டையில் பாடகரின் படம் பெரிதாக இருந்தது. கிதார் வாசித்தவர் "மற்றும் குழுவினர்" என்ற சொல்லுக்குள் எங்கேயோ இருந்தார். டாக்சிக்காரர்களுக்கும் விடுதிகளில் வாசிக்கும் பையன்களுக்கும் மட்டும் விவரம் தெரியும். "சரிதான், அது பஞ்சர் கடைக்காரர் கை" என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள்தானா அது என்று யாராவது நேரில் கேட்டால், இசிகேலி தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனர் தேடுவார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அடக்கமாவது ஒன்றாவது. மனிதருக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது.

அந்தத் தொடக்கம் அவருடையது இல்லை. அவருடைய தங்கை உனைசியினுடையது.

உனைசி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், நடுவில் ஓர் ஈரப்பலா மரம் மட்டும். புருஷன் அபிசாய் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். உனைசிக்கு இப்போது சர்க்கரை நோய். பாய் முடைந்த கையில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. சூடான பானையைத் தொட்டால்கூடத் தெரியவில்லை என்று மகள் திதிலியா அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அண்ணனும் தங்கையும் பேசி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை இல்லை. எங்கள் பக்கத்தில் வயது வந்த பிறகு உடன்பிறந்தவனும் உடன்பிறந்தவளும் நேருக்கு நேர் பேசுவதில்லை, ஒரு பாயில் உட்காருவதில்லை, அவன் தொட்டுப் புழங்குவதை அவள் தொடுவதில்லை. மரியாதை. நகரத்தில் பலரும் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள், இந்த இரண்டு வீடும் விடவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் திதிலியா வந்து சொல்வாள், அல்லது அபிசாய்.

மச்சான் உறவோ நேர் எதிர். மச்சான் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். அந்த உரிமையை அபிசாய் மிச்சம் வைக்காமல் அனுபவிக்கிறார். இசிகேலி கம்பியைத் தளர்த்தும்போதெல்லாம், "மச்சான் சொத்தைப் பூட்டுறான், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். இசிகேலியும் சிரித்துவைப்பார்.

அபிசாய் தெரியாமல் சொன்னாலும் விஷயம் அதுதான். கந்தாவுத் தீவில் இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, அப்பா சபை ஊழியர். வீட்டில் ஒரு கிதார் இருந்தது. தேங்காய் உடைக்கும்போது வெட்டுக்கத்தி பட்டு உனைசிக்கு இடது ஆட்காட்டி விரல் மடங்காமல் போய்விட்டது. மற்றவர்கள் பிடிக்கிற பிடி அவளால் பிடிக்க முடியாது. அவள் என்ன செய்தாள், இரண்டு கம்பிகளை இறக்கி, ஒன்றை ஏற்றி, மிச்சமிருக்கிற விரலுக்கு ஏற்றபடி தனக்கென்று ஒரு சுருதி வைத்துக்கொண்டாள். அந்தச் சுருதியிலிருந்து பிறந்ததுதான் அந்தத் தொடக்கம். அவள் வயதுக்கு வந்ததும் கிதார் ஆண்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது, அவள் பெண்கள் பக்கத்துக்குப் போய்விட்டாள். கடைசியாக வாசித்துவிட்டுப் பாயில் வைத்துப்போன கிதாரை அண்ணன் எடுத்தான். சுருதி கலையாமல் அப்படியே இருந்தது. சுவர் வழியாக எத்தனையோ நாள் கேட்ட பாட்டு. விரல் வைத்ததும் வந்துவிட்டது. விட்டுவைத்த சுருதியை எடுத்துக்கொண்டு போவது எவ்வளவு சுலபம் என்று இந்த உலகத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தத் தளர்த்தல்.

இந்த மெட்டு எங்கே கிடைத்தது என்று குழுவில் முதலில் கேட்டபோது, கடலில் கிடைத்தது என்று சொன்னார். படகில் தனியாகப் போகும்போது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது என்றார். எங்கள் ஆட்களுக்கு அப்படிப் பாட்டு கிடைப்பது உண்டு என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. உடன்பிறந்தவள் பெயரை ஆண்கள் கூட்டத்தில் எடுப்பது மரியாதை இல்லை என்று அவரும் தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். வசதியான மரியாதை.

போன மாதம் சாவெனாகா என்று ஒரு வானொலிக்காரப் பையன் வந்தான். பெயர் தெரியாத கிதார்காரர்களைத் தேடித் தேடி நிகழ்ச்சி செய்கிறானாம். இவர் வாசிப்புதான் தனக்கு உயிர் என்றான், சின்ன வயதில் இதைக் கேட்டுத்தான் கிதார் தொட்டேன் என்றான். பாயில் கைபேசியை வைத்துப் பதிவு செய்துகொண்டே, அந்தத் தொடக்கம் எப்படி வந்தது என்று கேட்டான். இசிகேலி ஈரப்பலா மரத்துக்கு அந்தப்பக்கம், தங்கை வீட்டு அடுப்படி ஜன்னலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அபிசாய் இருந்தார், இன்னும் நாலு பேர் இருந்தார்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கடல் கதைதான் வெளியே வந்தது. போதாதென்று இந்தத் தடவை அதில் ஓர் ஆமையும் சேர்ந்துகொண்டது.

"மச்சான், அந்த ஆமைக்கு ரேடியோக்காரங்க ஏதாச்சும் குடுப்பாங்களா, இல்ல அதுவும் குழுவினர்லதானா?" என்றார் அபிசாய். வானொலிப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அது ஒலிபரப்பானது. எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் வானொலி ஒரே நிலையத்தில் நின்றது. இசிகேலி வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து, தன் பொய்யைத் தன் வீட்டு வானொலியிலும் கேட்டார், பக்கத்து வீட்டு வானொலியிலும் கேட்டார். ஆமை வந்த இடத்தில் தெருவே சிரித்தது.

சாயங்காலம் வழக்கம்போல் திதிலியா தட்டை மூடிக் கொண்டுவந்தாள். மனைவி போன பிறகு அவருக்குச் சாப்பாடு அங்கிருந்துதான். தட்டைத் திறந்தால் தேங்காய்ப்பாலில் வேகவைத்த பெரிய மீன் தலை. தலை என்பது வீட்டில் மதிப்புக்குரிய ஆளுக்குப் போவது. அது அன்றைக்கு அபிசாய்க்கு வைத்திருக்க வேண்டியது.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க, மாமா."

அம்மா ரேடியோ கேட்டாளா என்று அவர் கேட்டார்.

"கேட்டாங்க. முழுசாக் கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல."

திட்டி அனுப்பியிருந்தால் மனிதர் தாங்கியிருப்பார். மீன் தலையைத் தாங்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சேப்பங்கிழங்கைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை ஒரு கையிலும் கிதாரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். உள்ளே போய் நடுப்பாயில் உட்காரவில்லை. வாசற்படி ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்தார். எங்கள் ஊரில் தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வருகிற முறை அது.

மச்சான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார் அபிசாய். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இத்தனை வருஷமும் விளையாட்டாகவே போன உறவு. நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர்த் தலைவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன மச்சான், ஆமையோட சொந்தக்காரங்க வழக்குப் போட்டுட்டாங்களா?"

இசிகேலி நிமிரவில்லை. "விளையாட்டு இல்ல மச்சான். அது கடல்ல கிடைக்கல. திதிலியாவோட அம்மா வாசிச்சது. அவ சுருதி, அவ பாட்டு. நான் எடுத்துக்கிட்டேன்."

அபிசாயின் முகத்திலிருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கையை நீட்டி வேர்க்கட்டைத் தொட்டார். ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்த தையல் இயந்திரச் சத்தம் நின்றது. திதிலியா எதையோ தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் உனைசியின் குரல் வந்தது, புருஷனைப் பார்த்துத்தான்.

"ஏங்க, உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க. மொத தடவ ரேடியோல வந்தப்பவே எனக்குத் தெரியும்னு."

அபிசாய் இந்தப் பக்கம் திரும்பி, "தெரியுமாம்" என்றார், அவள் சொன்னது இசிகேலி காதில் ஏற்கெனவே விழாதது மாதிரி.

"கோவம் இல்லைன்னு சொல்லுங்க. நம்மளுது ஊரெல்லாம் கேக்குதேன்னு இருந்துச்சு. ஒரே ஒரு இடந்தான். ரெண்டாவது திருப்பத்துல தப்பா வாசிக்கிறாங்க. அந்த இடம் வர்றப்பல்லாம் எனக்குக் கை துறுதுறுங்கும்."

"நீ தப்பா வாசிக்கிறியாம் மச்சான்." கேலியாகச் சொல்லத்தான் பார்த்தார்.

இசிகேலி கிதாரை எடுத்துச் சுருதி சேர்த்தார். இரண்டு கம்பியை இறக்கி, ஒன்றை ஏற்றி, ஒருமுறை மீட்டிப் பார்த்தார். பிறகு தளர்த்தாமல், அப்படியே திரையோரம் பாயில் வைத்துவிட்டு வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. திரைக்கு அடியில் ஒரு கை வந்து கிதாரை உள்ளே இழுத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை, பாயில் அது உரசிய சத்தத்தைத்தான் கேட்டார்.

அவள் ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலையும் தேடித் தேடி வைத்து. ஆனால் அது அவள்தான், சந்தேகமே இல்லை. நாடு முழுக்கச் சீட்டியடிக்கிற அந்தத் தொடக்கம் இத்தனை காலம் அவசரப்பட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முதல் திருப்பம் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் கம்பி ஒலிக்காமல் செத்த சத்தம் கேட்டது. மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே செத்த சத்தம். இன்னொரு தடவை, கம்பி அதிர்ந்து கரகரத்தது.

"விரல் எங்க இருக்குன்னே தெரியலைங்க" என்று உள்ளே புருஷனிடம் சொன்னாள். "சொல்லிக் குடுத்துடலாம்னு பாத்தேன். வாயால பாடிக் காட்ட வராது, அது விரலுக்குத்தான் தெரியும்."

அந்த இடத்தைச் சரியாகக் கேட்டவர் உயிரோடு இருப்பவர்களில் இசிகேலி ஒருவர்தான். அவருக்கும் மறந்துவிட்டது. தன் தப்பையே திரும்பத் திரும்ப வாசித்துச் சரியானதை மறந்துபோனார். அவள் கை நன்றாக இருந்த காலம் முழுவதும் அது ஒரு மரத்துக்கு அந்தப்பக்கம் பாய் முடைந்துகொண்டிருந்தது. திதிலியாவிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் எடுத்ததைச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கவில்லை. இனி அந்த இடம் யாருக்கும் கிடைக்காது.

உனைசி அதை விட்டுவிட்டு, அடுத்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

படியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக்கொண்டார். தலைவர் ஒருவர் சிரட்டையைக் குடித்து வைக்கும்போது சுற்றியிருப்பவர்கள் மரியாதைக்குத் தட்டுகிற மாதிரி, மழையைப் பார்த்தபடியே, நிதானமாக மூன்று தரம் தட்டினார்.