சுண்டைக்காய் ரயில்

மண்ணூர் பக்கம் ஒரு ரயில் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், டிக்கெட் கொடுத்தாயா, கொடி காட்டினாயா என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் செய்தது பொம்மை ரயில். முதலாளி காதுபட பொம்மை என்று சொல்லிவிட முடியாது, ‘மாடல்’ என்றுதான் சொல்ல வேண்டும். நிஜ ரயில் எஞ்சினை ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கி, திருகாணி முதல் கைப்பிடிக் கம்பி வரை ஒன்று விடாமல் வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே தலை நரைத்த ஆண்கள் வீட்டில் ஒரு அறையையே ஒதுக்கி, தண்டவாளம் போட்டு, மலையும் பாலமும் கட்டி அதை ஓட்டுவார்களாம். பெண்டாட்டி ஒன்றும் சொல்ல மாட்டாளா என்பதுதான் எங்கள் பெயின்ட் செக்‌ஷனில் முதலில் எழுந்த சந்தேகம்.

பெயின்ட் செக்‌ஷனில் நாங்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்களுக்கு வான நீலச் சட்டையும் கம்பெனி வேனில் இடமும் உண்டு. எங்களுக்கு யாரோ போட்டுக் கழித்த சாம்பல் நிறக் கோட்டும் ஷேர் ஆட்டோவும். எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் பொம்மைக்குச் சட்டை, தொப்பி, பட்டன் வரைவது என் வேலை. பல்குத்தும் குச்சியை விட மெல்லிய தூரிகையால் பட்டன் வைக்க வேண்டும். கை நடுங்கினால் டிரைவருக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

எனக்கு அந்த நீலச் சட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. வாலாஜாபாத்தில் என் அத்தை மகன் உரக்கடை வைத்திருந்தார். அத்தை தன் தம்பியான என் அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் வெற்றிலை பாக்கோடு வந்தாள். நல்ல மனிதர்தான் அவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைக்குள் நுழைந்தாலே யூரியா வாசனை மூக்கில் ஏறும், வாழ்நாள் முழுக்க அதில் உட்கார எனக்கு மனசில்லை. அப்பாவிடம் சொல்லி அழுதேன். வல்லம் வடகாலில் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“நீ பர்மனென்ட் ஆயிட்டனு வெச்சிக்க, ரெண்டு வருசம் போவட்டும்னு அக்காவாண்ட சொல்லிடுவேன். ஆவலைன்னா நான் இன்னான்னு சொல்றது?”

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குச் சின்ன ரயில் ஆசை வந்தது. உலகத்தில் எங்கள் ரயிலை விடச் சின்னதாக, பாதி அளவில் இன்னொரு வகை ஓடுகிறதாம். வீடு சின்னதாக இருக்கிறவர்கள் அதைத்தான் வாங்குகிறார்களாம். அதிலும் நாம் இறங்கிவிட்டால் உற்பத்திக்குப் புது லைன் போடலாம், பெயின்ட் செக்‌ஷன் பெண்கள் அத்தனை பேரையும் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று கேன்டீனில் நின்று வாக்குக் கொடுத்தார். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று முடித்தார். நாங்கள் கைதட்டிய தட்டலில் அவருக்கே கொஞ்சம் வெட்கம் வந்துவிட்டது.

அவர் போட்ட திட்டம் சுலபமானது. பெரிய எஞ்சினின் அளவு எல்லாவற்றையும் பாதியாக்கு, அவ்வளவுதான். ஆனால் எல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பாதியாகவில்லை. கிடைத்ததிலேயே சின்ன மோட்டாரும் உள்ளே அடங்கவில்லை, அதனால் எஞ்சினுக்கு முதுகில் ஒரு திமில் முளைத்தது. கைப்பிடிக் கம்பிகளை அதற்கு மேல் மெல்லியதாக வார்க்க வராமல் வேலிக்கம்பு போல நின்றன. பெரிய ரயிலுக்கு அடித்த அதே பெயின்டை அடித்ததில், திருகாணிகள் எல்லாம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஆணி மறைவதுபோல் மறைந்தன. ஓடவிட்டால் மிக்ஸியில் சட்னி அரைக்கிற சத்தம். ரயில் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்றார் முதலாளி.

டிரைவரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். ஜன்னல் மிளகு அளவுதான், உள்ளே இருக்கிறவன் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, பெயின்ட் வீண் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெறும் பிளாஸ்டிக்காக ஒருத்தன் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எஞ்சினுக்குள் பிணத்தை வைத்து அனுப்புவது போலிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஊசி முனையில் பெயின்டைத் தொட்டு அவனுக்கும் நீலச் சட்டை போட்டுவிட்டேன். பட்டனும் வைத்தேன். எனக்குக் கிடைக்கிறதோ இல்லையோ, அவன் அன்றைக்கே பர்மனென்ட் ஆனான்.

சரக்கு வாங்கும் ஜெர்மன்காரர் பார்க்க வருவதாக நாள் குறித்தார்கள். அன்று காலையில் பூஜை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் முதன்முதலாக ஓடும்போது தண்டவாளத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நிஜ வண்டி போல ஏறி நசுக்க இதற்கு வலு ஏது? முட்டித் தள்ளிவிட்டுப் போனால் போதும், கழிந்தது திருஷ்டி. பெரிய எஞ்சின்கள் அதைக் கம்பீரமாகச் செய்துவந்தன. சின்னது போய் முட்டியது, பழம் அசையவில்லை. பழம் எஞ்சினை விட உயரம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்.

அபசகுனமாகிவிடக் கூடாதே என்று எல்லோரும் முழிக்கும்போது, எங்கள் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர், வெளியே ஓடினார். காம்பவுண்டு ஓரச் செடியிலிருந்து ஒரு சுண்டைக்காயைக் காம்போடு பறித்து வந்து தண்டவாளத்தில் வைத்தார்.

“ஆளுக்குத் தக்கன திருஷ்டிதான? இதுக்கு இது போதும்லா” என்றார்.

முதலாளி ஒப்புக்கொண்டார். எஞ்சின் சுண்டைக்காயைத் தள்ளிக்கொண்டு இரண்டு முழம் போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள், நான் அவள் காலை மிதித்தேன்.

ஜெர்மன்காரர் வந்தார். முதலாளி பொத்தானை அழுத்தினார். எஞ்சின் உறுமியதே தவிர நகரவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடி உறுமல். முதலாளியின் நெற்றியில் காலையில் வைத்த சந்தனம் வியர்வையில் வழிந்தது. நான் மனசுக்குள் உரக்கடையில் உட்கார்ந்து யூரியா நிறுக்கவே ஆரம்பித்துவிட்டேன். சூப்பர்வைசர் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்து, சக்கரத்துக்கு நடுவே இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். சுண்டைக்காய்க் காம்பு. அது என்ன என்று ஜெர்மன்காரர் கேட்டதற்கு, பேக்கிங் சாமான் என்று முதலாளி கூசாமல் சொன்னார்.

அதற்கப்புறம் எஞ்சின் ஓடியது. சட்னி அரைத்தபடியே ஒரு வட்டம் முழுசாகச் சுற்றி வந்தது. எனக்கு உயிர் திரும்பியது. ஜெர்மன்காரர் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு, தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன ரயில் பெட்டியை எடுத்தார். வேறு ஏதோ கம்பெனி செய்தது. அதை எங்கள் எஞ்சினுக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார், சேரவில்லை. எஞ்சினின் கொக்கி கீழே கிடந்தது, பெட்டியின் கொக்கி மேலே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, முதலாளியிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் முகத்தில் கொஞ்சமும் கோபமில்லை, அதுதான் எனக்கு நல்லதாகப் படவில்லை.

சூப்பர்வைசர் எங்கள் பக்கம் வந்து விளக்கினார். சின்ன ரயில் செய்கிற கம்பெனிகள் எல்லாம் கொக்கியை ஒரே உயரத்தில் வைக்குமாம். யார் எஞ்சினோடும் யார் பெட்டியும் சேரும். அங்கே ஆட்கள் நாலு கம்பெனியில் வாங்கிக் கலந்துதான் ஓட்டுவார்களாம். பெரிய ரயிலுக்கு அந்த அளவை ஜெர்மன்காரரே வரைந்து அனுப்பியிருந்தார். சின்னதை அவருக்கே தெரியாமல் செய்து அசத்த நினைத்த முதலாளி, கொக்கியையும் பாதியாக்கிவிட்டார். நம் எஞ்சினை வாங்குகிறவன் நம் பெட்டியைத்தானே கட்டுவான் என்று நினைத்தாராம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சொந்தத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்று நம்பும் என் அத்தையைப் போலத்தான் அவரும்.

கொக்கியை மாற்ற வேண்டுமென்றால் அடிப்பாகத்தை வார்க்கிற அச்சையே புதிதாக வெட்ட வேண்டும். அதுவரை ஜெர்மன்காரர் காத்திருக்கவில்லை, பெரிய ரயில் ஆர்டரையும் எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். செய்துவைத்த சின்ன எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் நான் ஒளித்துச் சட்டை போட்டுவிட்ட டிரைவரோடு, அட்டைப்பெட்டிகளில் கோடவுனை அடைத்துக்கொண்டு கிடந்தன. புது லைன் நின்றது, கூடவே நாங்களும் நின்றோம். கடைசி நாளில் முதலாளி ஆளுக்கொரு எஞ்சினைத் தன் கையாலேயே கொடுத்தார். எங்கள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. பாவம், எங்களை விட அவர்தான் அந்த ரயிலை அதிகமாக நம்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்து எஞ்சினை டிவி மேல் வைத்துவிட்டு, வேலை போய்விட்டது என்று சொன்னேன். அப்பா சாப்பிடச் சொன்னார். மறுநாள் காலையில், செய்தி எப்படித்தான் எட்டியதோ, அத்தை வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு வருசம் போவட்டுங்க்கா என்று அப்பா சொல்வது கேட்டது. என் காதையே நான் நம்பவில்லை.

“அதான் வேலையே பூட்ச்சேடா. இன்னும் இன்னாத்துக்கு ரெண்டு வருசம்?” என்றாள் அத்தை.

எட்டிப் பார்த்தேன். அப்பா டிவி மேலிருந்து எஞ்சினை எடுத்தார். செக்யூரிட்டி டார்ச்சை எடுத்து அதன் ஜன்னலுக்குள் அடித்து, அத்தையின் கண்ணருகே கொண்டுபோனார். ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு அவர் இதையேதான் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

“உள்ள பாருக்கா. ஒரு ஆளு குந்திகினு கீறான். அவனுக்குச் சட்ட போட்டு, பட்டன் வெச்சி கீது என் பொண்ணு. இந்தக் கைக்கு வேற வேல கெடைக்காம பூடுமா?”

அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். ஜெர்மன்காரர் கொக்கியைப் பார்த்தார், முதலாளி யார் கண்ணுக்கும் தெரியாது என்றார். அந்த ஆளை இந்த உலகத்தில் தேடிப் பார்த்தவர் என் அப்பா ஒருத்தர்தான். நான் அடுப்படியிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். எனக்கு ஒண்ணும் தெரியலியேடா என்று அத்தை சொல்ல, அப்பா டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தார்.