செத்தவளைப் புரட்டிய தாள்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயின. ஆகவே அக்காளுக்கும் தங்கைக்கும் பதினோரு வயது இடைவெளி. சின்னவளுக்குத் தலை வாரிவிட்டதும் பாவாடை தைத்துப் போட்டதும் அக்காதான். அந்த அக்காளைக் கட்டியவர், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வீடு வீடாக ஆள் அனுப்பும் பராமரிப்பு நிலையத்தின் நிர்வாகி. சின்னவளுக்கு அங்கே வேலை போட்டுக் கொடுத்தவரும் அவரே.

அந்த வேலையில் முதல் பாடம் இது: எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வைத்ததும் தலைமாட்டில் தொங்கும் தாளில் நேரம், இடமா வலமா, கையெழுத்து. தவறினால் முதுகில் புண் வரும். ஆனால் இரண்டு வீட்டுக்குப் போதும் நேரத்தில் ஐந்து வீடு பார்க்கச் சொன்னால் மனுசி என்ன செய்வாள்? திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் தாளை நிரப்பிவிடுவார்கள். நிர்வாகியும் கண்ணை மூடிக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுவார்.

பிறகு அக்காளுக்கே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுக்கையில் விழுந்தாள். அவளுக்கும் நிலையத்து ஆட்கள்தான். சின்னவளை மட்டும் நகரத்தின் மறுகோடியில் வேலைக்குப் போட்டார் அத்தான். ஞாயிறு தோறும் அவள் வந்து பார்க்கும்போது புண் ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். கடைசியில் எலும்பே தெரிந்தது.

அக்கா போனது ஒரு புதன்கிழமை காலை. மெத்தையைச் சுருட்டப் போன சின்னவள் தாளைப் பார்த்தாள். புதன் மாலை நான்கு மணி, இடது பக்கம். வியாழன் காலை ஆறு மணி, வலது பக்கம். செத்தவளைச் சனிக்கிழமை வரை புரட்டியிருந்தார்கள். கீழே அத்தானின் கையெழுத்து. அவர் வந்து, "ஃபைலுக்குப் போகணும்மா" என்று தாளை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டார். அது அலுவலக இரும்பு அலமாரிக்குள் போயிற்று.

ஒன்பது வருஷம் ஓடியது. அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்தாள்.

அப்போதுதான் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. பராமரிப்பு வேலை செய்கிறவர்களே தங்கள் வேலையைப் பற்றி ஆராய்ச்சி செய்யலாம், நிதி தருவோம் என்று. அவள் பார்த்துக்கொண்ட ஒரு முதியவரின் மகள், கல்லூரி ஆசிரியை, அவளுக்காக விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தாள்.

"எதைப் பத்திக்கா ஆராய்ச்சி பண்ணப் போறீங்க?"

"தாள்ல எழுதினது படுக்கையில நடந்துச்சான்னு. பத்து வருஷத் தாளையும் எடுத்துப் பாக்கணும்."

எல்லாம் எழுதியாயிற்று. ஒன்றுதான் பாக்கி. அலமாரியைத் திறந்துவிடுகிறோம், வாரத்தில் ஒரு நாள் இவளை ஆராய்ச்சிக்கு விடுகிறோம் என்று நிலையம் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். கையெழுத்து நிர்வாகியுடையது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அத்தான் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"பத்தாவது தாண்டாதவளுக்கு ஆராய்ச்சியா? பீத்துணி அலசற கைக்குப் பேனா கேக்குதோ?"

"அலசினதுனாலதான் கேக்குது அத்தான்."

"போ போ. இந்த ஜென்மத்துல நடக்காது."

அவள் கெஞ்சவில்லை. நேரே வேலைக்குப் போனாள். அன்றைய வீடு, நிர்வாகிக்கும் மேலே இருக்கும் நிலையத் தலைவியம்மாள் வீடு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கை. வாய்க்கு மட்டும் ஒரு முறிவும் இல்லை. சின்னவள் அவரைப் புரட்டி, முதுகில் எண்ணெய் தடவி, கண்ணாடியை மாட்டிவிட்டாள். பிறகு தாளைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"இதென்னடி இது? நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என்னைப் புரட்டியாச்சாமே! இன்னைக்கே இப்பத்தானேடி நான் புரண்டேன்!"

"நாளன்னைக்கும் பாருங்கம்மா. நல்லாத் தூங்கறீங்க."

தலைவியம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எல்லா வீட்டுலயும் இப்படியா?"

அதன் பிறகுதான் சின்னவள் அக்காளின் தாளைப் பற்றிச் சொன்னாள். கடிதத்தையும் சொன்னாள்.

"வியாழக்கிழமை நிலையத்துக் குழுக் கூட்டம் என் கட்டில் பக்கத்துலதான்" என்றார் தலைவி. "உன் அத்தான் ஒண்ணு கையெழுத்தோட வரட்டும். இல்ல, ஏன் போடலைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

தலைவி சொல்லியனுப்பியது எட்டியதும், புதன்கிழமை மாலை அத்தான் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கடிதம் மேசைமேல் இருந்தது. அவர் முகம் சுண்டியிருந்தது.

"உங்கக்கா தாளும் இதுல வருமா?"

"முதல்ல அதுதான்."

"இத்தனை வருஷம் மனசுல வச்சிருந்து கருவறுக்க வந்தியா? உனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்."

"அதனாலதான் அத்தான் அந்தத் தாளைப் படிக்கத் தெரிஞ்சுது."

கையெழுத்துப் போட்டார். மையில் ஒற்றாமலே முத்திரை குத்தினார், பாதி எழுத்துத்தான் விழுந்தது. அவள் கடிதத்தை எடுக்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தடவை குத்துங்க. தெளிவா இருக்கட்டும்."