இலை வாட்டும் மாடியில் பதினாறு சுலோகம்

டிரஸ்ஸர் ராஜநாயகத்துக்குச் சமஸ்கிருதம் தெரியும் என்பது பதினான்கு வருஷமாகத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, காட்டை அழித்துத் தேயிலை நட்ட வருஷமே வேலைக்கு வந்தவர் அவர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு தகரக்கூரையும்தான். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அவர் ஒருவரே. ஞாயிற்றுக்கிழமையானால் மனைவி பார்பராவோடு பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்கு ஜெபத்துக்குப் போய்விடுவார்.

அவருடைய அப்பா பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ உபதேசியாராக இருந்தவர். கோயில் வாசலில் நின்று வாதம் பண்ண வேண்டுமானால் இந்துக்களின் சுலோகங்கள் புரிய வேண்டும் என்று மகனை ஒரு பண்டிதரிடம் ஏழு வருஷம் படிக்க வைத்தார். மகனோ யாரோடும் வாதத்துக்குப் போகவில்லை. மருந்துக் கலவை படித்தான், கப்பலேறினான். படித்த பாஷை உள்ளேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது கண் விழிக்கும். கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மாரியம்மன் கோயிலில் வேலப்பன் என்ற, செடி வெட்டும் கவ்வாத்துக்காரர் அம்பாள் தோத்திரம் ஒன்று பாடுவார். பதினாறு சுலோகம். தகப்பனிடம் வாய்ப்பாடமாகக் கேட்டது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கணீரென்ற குரல், மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வரும். சொற்களைத் தப்புத் தப்பாகப் பிரித்துத்தான் பாடுவார். ராஜநாயகம் ஊசியைக் கொதிக்க வைத்தபடி மனசுக்குள்ளேயே அவற்றைச் சேர்த்து, சரியாகப் பிரித்து, அர்த்தம் பண்ணிக்கொள்வார். அதை ஒரு நாளும் வேலப்பனிடம் சொன்னதில்லை. உபதேசியார் மகன் போய் அம்மன் பாட்டுக்கு அர்த்தம் சொல்வதாவது என்ற கூச்சம்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்கார துரை போனார். லண்டனுக்குப் போகாத தேயிலை யாருக்கு வேண்டும்? ஃபாக்டரி நின்றது. தேயிலைச் செடிகள் ஆளுயரம் வளர, வரிசைகளுக்கு நடுவே சனங்கள் மரவள்ளி நட்டார்கள். நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமில் ரயில் ரோடு போட ஆள் கேட்டு லோரி வந்தது. தோட்டத்திலிருந்து முப்பத்தொரு பேர் ஏறினார்கள். அதில் வேலப்பனும் ஒருவர். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பக்கமிருந்து சத்தமே இல்லை. அன்றைக்குத்தான் ராஜநாயகத்துக்கு உறைத்தது. ஒரே ஒரு தடவை அந்த மனுஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்று.

இரண்டு மாதம் கழித்து வேலப்பனின் மனைவி இராசம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். நல்ல மருந்தெல்லாம் தீர்ந்து, மயில்துத்தம் மட்டும்தான் மிச்சம். அதை வைத்தால் உயிர் போகிற எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஏதோ முணுமுணுத்தாள். கூர்ந்து கேட்டார். புருஷனின் தோத்திரம்தான்.

"மாதர் மாத்தியச மாம்..."

ஒவ்வொரு சுலோகமும் முடிகிற இடம் அது. ராஜநாயகம் தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

"மாத்தியச இல்லம்மா. மா, த்யஜ, மாம்."

இராசம்மா எரிச்சலை மறந்து நிமிர்ந்தாள். "ஐயாவுக்கு இது தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்."

"அப்ப அர்த்தம்?"

கட்டுத்துணியின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அம்மா, என்னைக் கைவிட்டுறாதே."

இராசம்மா காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கினாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பதினெட்டு வருஷம் கேட்டுட்டேன். இதையா கேட்டுக்கிட்டு இருந்தாரு அந்த மனுஷன்?" கண்ணைத் துடைத்தாள். "மிச்சத்தையும் சொல்லுங்க ஐயா. எனக்கு மட்டும் வேணாம். லயத்துல ஆம்பளைய அனுப்பிட்டு உக்காந்திருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் பார்பராவிடம் சொன்னபோது அவள் ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எதுக்குப் படிக்க வெச்சாரு, நான் எதுக்கு அதை எடுக்குறேன்? அவர் கேட்டா என்ன சொல்லுவாரு?"

"மாமா இங்க இல்ல," என்றாள் பார்பரா. "நீங்க மருந்து இல்ல மருந்து இல்லன்னு தெனமும் கைய விரிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. கேக்குறதுல ஒண்ணாவது உங்ககிட்ட இருக்குல்ல? அதைக் குடுங்களேன்."

முதல் வெள்ளிக்கிழமை ஃபாக்டரியின் மேல்மாடியில் கூடினார்கள். பறித்த இலையைப் பரப்பி வாட்டுகிற இடம் அது. சாக்குத்துணித் தட்டுகள் வெறுமனே கிடந்தாலும் மரமெல்லாம் தேயிலை வாசம் அடித்தது. பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள்.

"நான் உங்க கோயிலுக்கு வர்றவன் இல்ல," என்று ஆரம்பித்தார். "சாமியப் பத்திச் சொல்ல எனக்கு அருகதை இல்ல. வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுவேன். இதைப் பாடினவர் யாருன்னு தெரியல. ஆனா பெரிய வித்வான்னு காட்டிக்க இதை எழுதல. ஏதோ ஒரு ஆபத்துல மாட்டிக்கிட்ட ஆளு. முதல் சுலோகத்துலயே தன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுறாரு. பூ இல்ல, நெய் இல்ல, மந்திரம் தெரியாது. பேச்சு மட்டும்தான் இருக்கு, அதைக் கொண்டு வந்திருக்கேன் அப்படிங்கறாரு."

"நம்ம கதைதான்," என்றது ஒரு குரல்.

கடைசி அடிக்கு வந்தார். "மாதர்னா இங்க பொம்பளைங்க இல்ல. அம்மான்னு கூப்பிடுறது. மா அப்படின்னா..."

"மாவுதானே?" என்றாள் அம்மாக்கண்ணு, கொழுந்து பறிக்கிற, வாய் ஓயாதவள். "பொம்பளைங்களுக்கு மாவு குடு தாயேன்னு பாடுறாருன்னுல்ல இத்தன நாளா நெனச்சேன்! நானும் நல்லாக் கும்பிட்டேன் லா, மரவள்ளி மாவாச்சும் கெடைக்கட்டும்னு!"

மாடி அதிரச் சிரித்தார்கள். லோரி போன நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கியதும், மா என்றால் வேண்டாம், த்யஜ என்றால் கைவிடு என்று பிரித்துச் சொன்னார்.

இராசம்மாதான் கேட்டாள். "கைவிடாதேன்னு கெஞ்சுறதுன்னா, விட்டுருவாளோன்னு பயம் இருக்குன்னுதானே ஐயா அர்த்தம்?"

பண்டிதர் ஏழு வருஷத்தில் கேட்காத கேள்வி. ராஜநாயகம் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பயம் இருக்கும்மா. ஆனா போயிட்டவங்ககிட்ட யாரும் இதச் சொல்ல மாட்டாங்க. கையப் புடிச்சிருக்கிறவங்ககிட்டதான் விடாதேன்னு சொல்லுவோம்."

அப்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "கூட்டம் கூடுனா ஜப்பான்காரன் விசாரிப்பான், டிரஸ்ஸர். எனக்குத்தான் அடி விழும். என்னான்னு சொல்றது?"

"வைத்தியம்னு எழுதிக்குங்க கிராணி."

பழனியப்பன் பெண்களின் முகங்களைப் பார்த்தார். கதவோரமாக நின்று கேட்டார். அடுத்த வாரம் மனைவி சாரதாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாரம் ஒன்றாகச் சுலோகங்கள் நகர்ந்தன. பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. குழாயடியில் குடத்துக்குச் சண்டை போடுவது போல அந்தப் பெண்கள் சொல்லுக்குச் சண்டை போட்டார்கள். நாலாவது சுலோகம் அம்பாளின் பார்வையை, களைத்தவன் இறங்கிக் குடிக்கிற குளம் என்கிறது. "இந்த மலையில ஏது குளம்? ஓடைன்னு வெச்சுக்குவோம்," என்றாள் அம்மாக்கண்ணு. இருக்கிறதை மாற்றக்கூடாது என்று ராஜநாயகம் எவ்வளவோ சொன்னார். "உங்களுக்குக் குளம், எனக்கு ஓடை," என்று முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்பராவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜப்பான்காரன் தோற்று, யுத்தம் முடிந்த வருஷக் கடைசியில் சயாம் போனவர்கள் திரும்பினார்கள். முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர். வேலப்பன் வந்தார், குரல் வரவில்லை. காய்ச்சலும் பட்டினியும் தொண்டையைத் தின்றுவிட்டிருந்தன. முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் பாடினார்கள், சொல்லைச் சரியாகப் பிரித்து. அவர் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே நின்ற ராஜநாயகத்திடம் வந்து, காற்றாக வந்த குரலில் கேட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல ஐயா?"

"சொல்லியிருக்கலாம் வேலப்பா. தப்புப் பண்ணிட்டேன்."

வேலப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிகிறவரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

ஓய்வு பெற்றபின் ராஜநாயகம் தானா ராத்தாவில் குடியிருந்தார். சாப்பாட்டுக்கே வழியில்லாத அந்த வருஷங்களை யாராவது சபித்தால் ஆமாம் என்பார். என்றாலும் அந்த மாடியின் தேயிலை வாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். எப்போதாவது கோலா தெர்லாவில் மகன் வீட்டிலிருந்து அம்மாக்கண்ணு இரண்டு முட்டைக்கோசோடு வந்து இறங்குவாள். பார்பரா கொடுத்த தேநீரைக் குடித்துமுடிக்கும் முன்பே கேட்பாள், "ஐயா, ஏழாவது சுலோகத்துல ஒரு சந்தேகம்." அவர் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பிப்பார்.