கப்பித்தான் செத்த காட்சி

வெள்ளைக்காரப் படையைத் தோற்கடிப்பதற்கு முதலில் ஒரு வெள்ளைக்காரன் வேண்டும். எங்கள் ஊருக்குப் படம் எடுக்க வந்த பெடியளுக்கு அதுதான் பெரிய தலையிடியாக இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் முல்லைத்தீவுக் கரையில் வெள்ளைக்காரனுக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத காலம் அது.

கதை எங்கள் பக்கத்துக் கதைதான். இருநூறு வருடங்களுக்கு முன்னர் கடற்கரைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் படையை வன்னிச் சிற்றரசர் ஒருவர் அடித்துக் கலைத்த கதை. பெடியளிடம் ஒரு வீடியோக் கமரா இருந்தது. அரசருக்கு ஏற்ற மீசையோடு ஒரு வாத்தியார் இருந்தார். குதிரை இல்லை; ஆகவே இரண்டு படைகளும் நடந்தே சண்டை பிடிப்பதாகக் கதையைத் திருத்திக்கொண்டார்கள். பனங்குற்றிகளுக்குக் கரி பூசிப் பீரங்கி ஆக்கினார்கள். வெள்ளைக்காரன்தான் அகப்படவில்லை. அப்போதுதான் யாரோ எங்கள் சின்ன மாமாவைக் காட்டிவிட்டார்கள்.

சின்ன மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டதால் அம்மாவே இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. செம்பட்டை முடி, பூனைக்கண், வெயிலில் கறுக்காமல் சிவக்கிற தோல். கடல்தொழில் செய்கிற குடும்பத்தில் இப்படி ஒருவர் எப்படி வந்து பிறந்தார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். பறங்கி என்றுதான் பட்டம். சின்ன வயதில் அந்தப் பட்டத்துக்காக அடிபட்டு மூக்குடைந்த மனிதர், இப்போது அதே தோலுக்காகப் படையின் கப்பித்தானாக உயர்த்தப்பட்டார். இரண்டு நாளாக அவருக்கு நிலத்தில் கால் படவில்லை.

அம்மாவுக்கும் பெருமைதான், வெளியில் காட்டமாட்டார். மாதா கோயில் பெருநாளுக்குக் கட்டுகிற சிவப்புக் கொடித்துணியைச் சுவாமியாரிடம் கேட்டு வாங்கி, கைமெஷினில் கப்பித்தானுக்குக் கோட்டுத் தைத்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, கடைசியில் கப்பித்தானைக் கொல்லப் போகிறார்களாமே என்று கேட்டார்.

"கொல்லட்டும், குரங்கை. அப்பவாவது ஒரு இடத்திலை கிடப்பான்," என்றார் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படம் எடுத்து முடிந்து இரண்டு மாதம் இருக்கும். விடியக் கடலுக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. அன்று நேவியின் சூட்டுச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி வந்து கரையொதுங்கியது, பக்கப்பலகையில் நான்கு ஓட்டைகளோடு. ஆள் இல்லை. ஊர்ச்சனம் ஒரு கிழமை கரை நெடுகத் தேடியது. கடல் எதையும் தரவில்லை.

எங்கள் ஆட்களிடையே பிரேதம் இல்லாத சாவு பொல்லாத சாவு. யாரைச் சுற்றி இருந்து அழுவது? எவரின் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்துவது? அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. துக்கமணி அடிக்க விடவில்லை. இறந்தோருக்கான பூசைக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டு வந்த சுவாமியாரிடம், "பிரேதம் எங்கை, சுவாமி? பிரேதத்தைக் காட்டுங்கோ, நான் அழுறன்," என்றார். சுவாமியார் எழுந்து போய்விட்டார்.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அடித்துச் சொன்ன அதே அம்மா, அன்று தொடக்கம் குசினிக்குள் மீனை மட்டும் எடுக்கவில்லை. கடற்கரையில் குடியிருந்துகொண்டு நான்கு மாதம் பருப்பும் முருங்கையிலையும் தின்றோம். ஏனென்று கேட்டதற்கு எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாவோ அதையும் தின்பதில்லை, கண் மூடுவதுமில்லை. எலும்பும் தோலுமாகிப் போனார். அவள் ஒருக்கால் வாய்விட்டு அழாவிட்டால் இந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று பெரியம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒன்பது வயதில் அதைக் கேட்டுவிட்டு நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த நேரத்தில்தான் படம் வீடியோ ரேப்பில் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்து யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினார்கள். வெளியே ஜெனரேற்றர், உள்ளே ஒரு வாங்கின் மேல் ரீவியும் வீடியோ டெக்கும். போக வேண்டாம் என்று பெரியம்மா மறித்தார். அம்மா கேட்டால்தானே! கலியாணவீட்டுச் சேலையை உடுத்துக்கொண்டு, தலைமயிரை வாரி இழுத்து, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போய் முன்பாயில் இருந்தார்.

மாமா திரையில் வந்தார். முகமெல்லாம் பவுடர், இடுப்பில் மரவாள், அம்மா தைத்த சிவப்புக் கோட்டு. மாமாவுக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வள்ளத்து எஞ்சினின் சாமான்கள்தான். வாளை உயர்த்திப் படைக்கு அதையே கட்டளையாகக் கத்தினார்: "ஸ்ராட்டர்! பிளக்! கார்பரேற்றர்!" சிப்பாய்மார் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பல்லைக் கண்டேன். எனக்கு வந்த சந்தோசத்தில் அவருடைய மடியில் ஏறி இருந்துவிட்டேன்.

பிறகு சண்டை தொடங்கியது. பனங்குற்றிகள் புகைந்தன. அரசர் கோட்டைக்குள் நுழைந்தார். வெள்ளைக்காரப் படை ஆடையும் தொப்பியும் கழன்று விழ ஓடியது. ஓடாமல் நின்ற கப்பித்தானை அரசர் வாளால் ஒரு போடு போட்டார். மாமா மணலில் மல்லாந்து விழுந்தார்.

மண்டபம் அதிரக் கைதட்டு! விசில் என்ன, கூச்சல் என்ன! எதிரிப் படை தோற்றால் கைதட்டித்தானே பழக்கம். நானும் தட்டினேன். அம்மாவின் மடியில் இருந்துகொண்டே தட்டினேன். பாவி நான்.

கமரா மாமாவின் கிட்டப் போனது. செம்பட்டை முடியில் மணல், மூடிய கண், நெஞ்சில் செவ்வரத்தம்பூச் சாற்று இரத்தம். பின்வரிசையில் ஒரு கை நின்றது. பிறகு இன்னொன்று. யாரைப் பார்த்துத் தட்டுகிறோம் என்று ஒவ்வொருவராக உணர்ந்து, கடைசியில் ஜெனரேற்றர் சத்தம் மட்டும் மிஞ்சியது. படம் எடுத்தவருக்கு அந்தக் காட்சியில் ஆசை கூடிவிட்டது போலும், கமராவை எடுக்கவேயில்லை. அப்போதுதான் நான் கண்டேன். சிவப்புக் கோட்டுக்குள் மாமாவின் வயிறு மெல்ல எழும்பியது. பிறகு பதிந்தது. திரும்பவும் எழும்பியது.

"அம்மா! மாமா மூச்சு விடுறார்! பாருங்கோ, மாமா சாகேல்லை!"

மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அம்மா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். டெக் போட்ட அண்ணாவைப் பார்த்து, "தம்பி, நிப்பாட்டு. அதிலையே நிப்பாட்டு," என்றார்.

"கனநேரம் நிப்பாட்டினால் ரேப் பழுதாப்போகும், அக்கா. இந்த ஒரு ரேப்தான் இருக்கு. நாளைக்கு வேறை ஊருக்குக் கொண்டுபோகவேணும்."

"நிப்பாட்டடா எண்டு சொல்லுறன்!"

அந்தக் குரலுக்கு அவர் கை தானாகவே பட்டனை அமர்த்தியது. படம் ஒரு உதறு உதறி நின்றது. குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் வயிறு பதிந்தபடியே நின்றுவிட்டது. அது திரும்ப எழும்பவில்லை.

அம்மா தவழ்ந்துபோய் ரீவியின் பக்கத்தில், மாமாவின் தலை கிடந்த பக்கமாக இருந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். இரண்டு கையாலும் கண்ணாடியைத் தடவ, அது சடசடவென்று பொரிந்தது. "என்ரை ராசா, வந்திட்டியோடா..." என்று ஒரு குரல் எடுத்தார். அம்மாவின் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

பெரியம்மா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். மற்றப் பெண்களும் பாயோடு நகர்ந்து ரீவியைச் சுற்றி இருந்தார்கள். நெஞ்சில் அடித்தார்கள். பீடத்திலிருந்து யாரோ இரண்டு மெழுகுதிரி கொண்டுவந்து ஏற்றினார்கள். சற்றுமுன் விசிலடித்த ஆம்பிளைகள் எழுந்து கைகட்டி நின்றார்கள். வெளியே துக்கமணி அடிக்கத் தொடங்கியது. அடிக்கச் சொன்னது யார் என்று இன்றைக்கும் தெரியாது.

நான் ஒருத்திதான் வேறு வேலையில் இருந்தேன். டெக் அண்ணாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்கோ அண்ணா! படத்தை விடுங்கோ! மாமாவுக்கு மூச்சு முட்டப் போகுது!" அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடித்தும் பார்த்தேன். அப்பா வந்து என்னைத் தூக்கும்போது, டெக் தன்பாட்டில் கடக்கென்று நின்றது. திரை வெறுமையாகிப் புள்ளி புள்ளியாய்ப் பொரிந்தது. "கொண்டுபோறாங்களே..." என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் குழறினார்கள். அம்மா கண்ணாடியில் வாயை வைத்துக் கொஞ்சினார்.

அடுத்தநாள் காலை மாமாவுக்குப் பூசை நடந்தது. அம்மா கறுப்பு உடுத்தியிருந்தார். முகம் வீங்கியிருந்தது. முதல்நாள் இரவு நல்லாய் நித்திரை கொண்டார் என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அம்மாவோடு கதைக்கவில்லை. ஒரு கிழமை கதைக்கவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், மாமா மூச்சு விட்டதை அவர் காணவில்லையா என்று.

பின்னிய கை கொஞ்சம் நின்றது.

"கண்டனான், பிள்ளை. உனக்கு முதலே கண்டனான்."

மயிரைப் பறித்துக்கொண்டு எழுந்து ஓடினேன். காணாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். கண்டுகொண்டே எப்படி நிப்பாட்டச் சொன்னார்? கடற்கரை வரைக்கும் அழுதுகொண்டு ஓடினேன், என் மாமாவைக் கொன்றது அம்மாதான் என்று.