அக்கா செட்டும் எங்கள் தெருவும்

மூலக்குளத்தில் நான் காய்கறி வாங்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். போன வாரம் அவர் மல்லிகைக்கு நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, ஸ்கூட்டியை நகர்த்தச் சொல்லி ஒருவர் சத்தம் போடுகிறார், நான் கத்தரிக்காய்ப் பையோடு அப்படியே நிற்கிறேன். மல்லிகை எனக்கு எதையும் நினைவுபடுத்தாது, அது எல்லார் தலையிலும் இருப்பது. மரிக்கொழுந்து மட்டும் நேராகக் கொண்டுபோய் எங்கள் காலேஜ் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுவிடும்.

புதுச்சேரியில் நான் படித்தது பெண்கள் காலேஜ். அங்கே ‘தோழியர் மன்றம்’ என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது ‘அக்கா செட்டு’. ஒவ்வொரு வருஷமும் சீனியர்கள் முதலாம் ஆண்டுப் பெண்களில் சிலரைப் பார்த்துவைத்து, மரத்தடிக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்துப் பேசுவார்கள். பிடித்திருந்தால் இன்னொரு நாள் கூப்பிடுவார்கள். கடைசியில் சேர்த்துக்கொண்டால் சடையில் ஒரு கொத்து மரிக்கொழுந்தைச் செருகிவிடுவார்கள். அன்று முழுக்க அந்தப் பெண் வராந்தாவில் நடந்தால் வாசனை முன்னால் போகும், அவள் பின்னால் போவாள்.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். செட்டில் சேர்ந்தவளுக்கு ஒரு சொந்த அக்கா கிடைப்பாள். அக்கா நோட்ஸ் கொடுப்பாள், இங்கிலீஷ் பேசப் பழக்குவாள், படித்து முடித்தபின் எங்கே வேலை இருக்கிறது என்று சொல்வாள். நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். வகுப்பில் பொருளாதார மேடம் இங்கிலீஷில் பேசும்போது எல்லாரும் தலையாட்டும் இடத்தில் நானும் ஆட்டுவேன், எதற்கு என்று தெரியாது. எனக்கு அந்த அக்கா வேண்டும், ரொம்பவே வேண்டும்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் குரல். காலேஜ் மைதானத்தில் நடந்த புதிய மாணவிகளுக்கான விழாவில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். மைக் பாதியில் நின்றுபோனது. நான் வரப்பில் நின்று அடுத்த வயலில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் மிச்சத்தைப் பேசி முடித்தேன். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து நின்றாராம். முதல் பரிசு.

மறுநாளே தேவகி அக்கா வந்தார். செட்டுக்கு அந்த வருஷத் தலைவி. வில்லியனூரில் அவர்கள் வீட்டு ஜவுளிக்கடை பெரியது. “உன் குரல் நமக்கு வேணும்மா” என்றார். அந்த ‘நமக்கு’ என்கிற சொல்லில் நான் பாதி சேர்ந்துவிட்டேன். இரண்டு முறை மரத்தடிக்குப் போனேன். நல்ல பெண்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள், என் தப்பு இங்கிலீஷுக்கு யாரும் சிரிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. வீடு பார்க்க வருவது. சீனியர்கள் வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் சம்மதம் கேட்பார்கள். பெண் பார்க்க வருவது போலத்தான், மாப்பிள்ளை மட்டும் கிடையாது. கிராமத்துப் பெண்கள் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், வீட்டில் வேலை நடக்கிறது என்பார்கள். வருகிறவர்கள் வாயைத் திறந்து எதுவும் கேட்கமாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்த்தாலே போதும். ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா என்பது தெரிந்துவிடும்.

நாங்கள் காலனிப் பக்கம். அதே காலேஜில் படித்த என் பஸ் தோழி அமலியும் அப்படித்தான், அடுத்த ஊரில் மாதா கோயில் தெரு. தினமும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம், வருவோம். சனிக்கிழமை என் வீட்டுக்கு வருவதாக அக்காமார் சொன்ன அன்று மாலை, தவளக்குப்பம் தாண்டியதும் அவள் ஒரு யோசனை சொன்னாள்.

“எங்க சித்தி வூடு முதலியார்பேட்டைல கீது. மாடி வூடு. அத்தக் காட்டிக்கலாம்டி. சித்தி ஒண்ணும் சொல்லாது.”

“உங்க சித்திய எங்கம்மான்னு சொல்றதா?”

“பெரியம்மான்னு சொல்லேன். இன்னா இப்போ?”

நான் சிரித்தேன், ஆனால் மறுக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த மாடி வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வீட்டில் அம்மா நடவு முடித்துவந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி வீட்டை மனதில் வைத்துக்கொண்டு, “காலேஜ் அக்காங்க நம்ம வூட்டுக்கு வரணும்னு சொல்றாங்க” என்று மெல்ல ஆரம்பித்தேன். மிச்சத்தை அம்மா சொல்லவிடவில்லை.

“நம்ம வூட்டுக்கா? எத்தினி பேரு? கறி துன்னுவாங்களா மாட்டாங்களா, அத்தக் கேட்டியா?”

கேட்டுவிட்டு உள்ளே போய், பரணில் இருந்த எவர்சில்வர் தட்டுகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். அப்பாவிடம் புதுப் பாய் வாங்கிவரச் சொன்னார். அம்மா முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. விருந்தாளி வருகிறார்கள், அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்தபின் முதலியார்பேட்டை என் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

சனிக்கிழமை வந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று கூட்டிக்கொண்டு, காலனிப் பக்கம் திரும்பி முன்னால் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் ஒரு கணம் தயங்கியது, பிறகு தொடர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் எல்லார் வாசலிலும் ஆள் நின்றது. “யாருடி இவங்க?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்க, “எங்க காலேஜு” என்றேன். மந்திரி வருவது போல அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

எங்களுடையது மண்சுவர், கூரை வீடு. அம்மா அதை முதல் நாளே சாணம் போட்டு மெழுகியிருந்தார். வேகவைத்த வேர்க்கடலையும் பனங்கிழங்கும் டீயும் வைத்தார். தேவகி அக்கா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலையை உரித்து உரித்துத் தின்றார். கூட வந்தவர்களில் கண்ணாடி போட்ட அக்கா ஒருவர் மட்டும் எதையும் தொடவில்லை. “சனிக்கிழமை விரதம்” என்றார். தண்ணீரும் வேண்டாமாம். விரதத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்துபோய் ஒரு தாளில் கடலையைப் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தார். “விரதம் முடிச்சிட்டு சாப்புடும்மா. நம்ம கொல்லைல வெளஞ்சது.” அவர் வாங்கிக்கொண்டார், வேறு வழியில்லை.

தேவகி அக்கா முறைப்படி கேட்டார். “உங்க பொண்ணு எங்க மன்றத்துல சேர உங்களுக்கு சம்மதமாம்மா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னிய ஏன் கண்ணு கேக்கற? படிக்கிறது அவ. அவளக் கேளு.”

நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். நாற்று நட்டு விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்த என் அம்மா அன்று சொன்ன அளவுக்கு எதுவும் என் முதுகை நிமிர்த்தியதில்லை.

அவர்கள் திரும்பிய பஸ்ஸில் அமலியும் தற்செயலாக ஏறியிருக்கிறாள். திங்கட்கிழமை காலை என்னைப் பார்த்ததும் சொன்னாள், “அந்தக் கண்ணாடி, கடலைப் பொட்டலத்த சீட்லயே வுட்டுட்டு எறங்கிச்சி. நானு எடுத்துனு போய் தின்னுட்டேன். உங்கொப்பன் கடலைய வீணாக்க வுடுவனா?” எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறியது.

அன்று மதியம் தேவகி அக்கா என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டார். கையில் மரிக்கொழுந்து. “நீ செலக்ட் ஆயிட்ட” என்றார். சீட்டில் கிடந்த கடலைப் பொட்டலம் நினைவில் இருந்தது, நான் கையை நீட்டவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“ஒண்ணு மட்டும். யாராவது கேட்டா பாகூர்னு சொல்லு, போதும். எந்தத் தெருன்னு சொல்லிக்க வேணாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

உண்மையில் அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரோ ஆட்சேபித்திருக்கிறார்கள், இவர் சண்டைபோட்டு என்னை உள்ளே கொண்டுவந்திருக்கிறார், அதற்கு இது விலை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அமலியிடம் எல்லாம் சொன்னேன். “சேந்துடுடி” என்றாள். “நோட்ஸ் வாங்கி எனக்கும் குடு. தெருவப் பத்தி யாரு கேக்கப் போறாங்க?” அவள் சொன்னதில் தப்பே இல்லை. நோட்ஸ் வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், வேலை வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாகூர் என்று நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பாய் விரித்துக் காத்திருந்த அம்மா வந்து நின்றார். இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் போய் நின்றபோது குரல் நடுங்கியது. மைக் இல்லாமல் மைதானத்தைக் கலக்கிய அதே குரல்.

“அக்கா, எங்கம்மா உங்கள உள்ள கூப்ட்டு உக்கார வெச்சாங்க. அந்த வூட்ட சொல்லாம என்னால எங்கயும் இருக்க முடியாது. நான் வரலக்கா.”

தேவகி அக்கா “சரி” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததாக ஞாபகம், என் கண்ணும் கலங்கியிருந்ததால் உறுதியாகச் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் கழித்து, மாலை பஸ் ஸ்டாப்பில் கூட்டம் நிற்கும்போது அவரே வந்தார். அவருடைய முதலாம் ஆண்டு நோட்ஸ் மொத்தத்தையும் எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்தார். கண்ணாடி அக்காவும் அங்கேதான் நின்றிருந்தார். அமலி பஸ்ஸில் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை, பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த நோட்ஸ் பஸ்ஸில் பாகூரிலிருந்து அரியாங்குப்பம் வரை கைமாறிக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் புதுப் பெண்கள் ஏறி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். நாங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம். யார் வீட்டையும் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் சேர்த்தி. அமலி அவர்களுக்கெல்லாம் அக்கா ஆனாள், சும்மா மிரட்டிக்கொண்டே இருக்கும் அக்கா. அந்த சீட்டுகளில் உட்கார்ந்து வந்தவர்களில் ஒருத்தி இன்று அரியூரில் நர்ஸ், ஒருத்தி போலீஸில் இருக்கிறாள். அமலி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், அங்கேயும் மிரட்டிக்கொண்டுதான் இருப்பாள். நான் ஒரு காலேஜில் பொருளாதாரம் நடத்துகிறேன். முதல் நாள் வகுப்பில் என் ஊரையும் என் தெருவையும் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பின்பெஞ்சில் ஏதாவது ஒரு தலை சட்டென்று நிமிரும். அதற்காகத்தான் சொல்வது.

தெருவைக் கேட்பது போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. இப்போது வேறு மாதிரி கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அக்கா செட்டு இல்லை. கேன்டீனை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது மரமும் போனது, பெண்கள் போனுக்குள் குழு வைத்துக்கொண்டார்கள். அந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், எல்லாரிடமும் ஸ்கூட்டி. அப்பா போய்விட்டார், அடுத்து அம்மா.

வீட்டை நானும் தம்பியும் சேர்ந்து கட்டினோம். மண்சுவரை இடித்த அன்று எனக்குப் பரீட்சை டியூட்டி, சாயந்திரம் நான் போய்ச் சேர்ந்தபோது தரை சமமாகிவிட்டிருந்தது. இப்போது அங்கே மாடி வீடு, வாசலில் கிரானைட். போன பொங்கலுக்கு என் மகள் கேட்டாள், “அந்தப் பழைய வூடு எப்டிம்மா இருந்துச்சி?” போட்டோ ஒன்றும் இல்லை. சொல்லாமல் எங்கேயும் இருக்க முடியாது என்று அன்று சொன்ன வீட்டை, என் மகளுக்குக் காட்ட முடியவில்லை. தம்பியின் கார் நிற்கும் இடத்தைக் காட்டி, “இங்கதான் பாய் விரிச்சாங்க” என்றேன்.